பிரட்டு அடி

கோத்தகிரியில் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று பறையை நாலு தட்டு தட்டினால் என்ன நடக்கும் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா ஸ்வெட்டரை இழுத்துவிட்டபடி ஓடிவந்து, "யாரு வீட்டுலண்ணே?" என்றார். "யாரும் இல்லம்மா, பழகுறேன்." "இந்த வயசுலயா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் சந்தேகப்பட்டது என் வயதையா, கையிலிருந்த தோலையா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, மலையடிவாரத்தில் நடந்த மூன்று நாள் பறைப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனேன். விடுமுறையில் கிடந்த ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறையில் பாய், வராந்தாவில் சாப்பாடு, மைதானத்தில் பயிற்சி. இருபத்துச் சொச்சம் பேர். பாதிப்பேர் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள், இரண்டு நர்ஸ், ஒரு பேங்க் ஆபீசர். எல்லாரிலும் மூத்தவன் நான்தான். முதல் அரை நாள் பறையைத் தொடவே விடவில்லை. சொற்கட்டை வாயால் சொல்லித் தொடையில் தட்டச் சொன்னார்கள். பிறகுதான் குச்சி வந்தது. வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிசாக நீண்ட சிண்டுக்குச்சி. வலது கை எவனுக்கும் வந்துவிடும். இடது கையில் அந்த மெல்லிய குச்சியை விரல்களுக்கு நடுவே பிடித்து, பறையின் விளிம்பையும் அதே கையால் தாங்கி, அடிக்கவும் வேண்டும். இரண்டாம் நாள் சாயந்தரம் என் இடது ஆள்காட்டி விரலில் கொப்புளம் உடைந்தது. ஒத்தையடி, தெம்மாங்கு, சப்பரத்து அடி என்று வரிசையாகப் போனது பாடம். மூன்று நாளில் மூன்று அடி உருப்படியாக வந்தால் பெரிய விஷயம்.

வளர்ந்த ஆட்கள் வேலைவெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, சில நாள் ஒரே கூரையின் கீழ் படுத்தெழுந்து இசை படிப்பது புதுசு என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இங்கிலாந்தில் 1948இல் பிரயன்ஸ்டன் பள்ளியில் கோடைக்கால இசைப்பள்ளி தொடங்கினார்கள். 1953இல் அது டார்ட்டிங்டனுக்குப் போய் அந்த ஊர்ப் பெயரிலேயே நிலைத்தது. அமெரிக்காவில் 1960களில் கீழ்த்திசைக் கலைகளுக்கென்று ஒரு சங்கம் வைத்துக் கோடை வகுப்புகள் நடத்தினார்கள். நம்ம பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும் அவருடைய தம்பிகள் விஸ்வநாதனும் ரங்கநாதனும் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தது. ஆனால் இந்த மலையிலேயே அதற்கு வெகு முன்னாலிருந்து ஒன்று நடந்துவருகிறது. அதைச் சின்ன வயதிலேயே பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பாடம் என்று அப்போது தோன்றவில்லை.

பள்ளியில் என்னோடு படித்த கோத்தர் பையன் ஒருவன் மார்கழி தை வாக்கில் ஒரு பத்து நாள் வகுப்புக்கே வரமாட்டான். "சாமி" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வான். கோத்தகிரி என்ற பெயரே அவர்களுடையது. நீலகிரியில் அவர்களுக்கு ஏழு ஊர். ஆயிரம், இரண்டாயிரம் பேருக்குள் அடங்கிவிடுகிற சின்னக் கூட்டம். ஐயனோர், அம்மனோர் என்று அப்பன் சாமி, ஆத்தா சாமி. அந்தக் குளிர்கால விழா நடக்கும் நாட்களில் ஊரே சாமியின் ஒழுங்குக்குள் போய்விடும். ராத்திரியானால் நடுவில் தீ, சுற்றி ஆட்டம், ஒரு பக்கம் வாத்தியக்காரர்கள்.

வாத்தியம் என்றால் கொள், நாகசுரத்துக்குத் தம்பி மாதிரி சீவாளி வைத்த குழல். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுத்து, இடைவெளி விடாமல் ஊத வேண்டும். கூடவே கொம்பு, தாளம், இரண்டு பக்கமும் அடிக்கிற தோபர், தபட்க். தபட்க் என்பது வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய பறைதான். நம்ம தப்பட்டையும் அதுவும் பெயரிலேயே உறவு. பறையடிக்கிறவன் எவனும் செய்கிறதை அவர்களும் செய்வார்கள். பனி இறங்கித் தோல் தொய்ந்தால் தீயில் காட்டி முறுக்கேற்றுவார்கள். கீழ்நாட்டில் ஒருமுறை காய்ச்சினால் ஒரு ஊர்வலத்துக்குத் தாங்கும் தோல், கோத்தகிரி மூடுபனியில் ரொம்ப நேரம் நிற்காது. தீக்குப் பக்கத்திலேயே வாத்தியக்காரர்கள் இருப்பது குளிருக்காக மட்டும் இல்லை.

ராகம், சுரம் எழுதிவைப்பது எல்லாம் அவர்களிடம் கிடையாது. எந்தக் காரியத்துக்கு எந்த மெட்டு என்பதுதான் வகை. சாமிக்கு ஊதுவது தேவ்ர் கொள், சாவுக்கு ஊதுவது தாவ் கொள், ஆட்டத்துக்கு ஆட் கொள். ரிச்சர்ட் உல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் கோத்தர்களோடு தங்கி இதையெல்லாம் பதிவுசெய்து 2005இல் புத்தகமாகப் போட்டார். அவரே வீணை வாசிப்பவர், காரைக்குடிப் பாணியில் ரங்கநாயகி ராஜகோபாலனிடம் கற்றவர். அந்த அம்மாளோ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காரைக்குடி சாம்பசிவய்யர் வீட்டில் தங்கி வீணை படித்தவர். குருவின் வீட்டில் வருஷக்கணக்கில் கிடந்த ஒருவரிடம் கற்ற மனிதர், குருவே இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அவர் கவனித்த ஒன்றை நான் முகாமில் அவஸ்தைப்பட்டபோதுதான் புரிந்துகொண்டேன். கோத்தர் வாசிப்பில் பறையின் தட்டு மாறாமல் சுற்றிக்கொண்டிருக்கும், கொள் அதன் மேல் இஷ்டத்துக்கு இழுபடும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டும் பொருந்தாது. குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் வந்து கூடும். அந்த இடம் எது என்று எவனும் வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. பையன்கள் முதலில் பறையைத் தூக்குகிறார்கள், ஊதுகிறவரின் பக்கத்தில் வருஷம் வருஷமாக நின்று அந்த இடத்தைக் காதால் பிடிக்கிறார்கள். பறை ஏறக்குறைய எல்லா ஆண்களுக்கும் வரும். கொள் ஊத ஊருக்குச் சிலர்தான்.

ஆக, விழா நாட்கள்தான் சாமி மெட்டுக்கு வகுப்பு. சாவு மெட்டுக்கு? சாவுதான் வகுப்பு. நினைத்த நேரம் வீட்டில் உட்கார்ந்து சாவு மெட்டைப் பழக முடியாது. பழகினால் என்ன கேள்வி வரும் என்பதை என் எதிர்வீட்டு அம்மாவே சொல்லிவிட்டார்.

ஒரு காலத்தில் அந்த வகுப்பு அடிக்கடி நடந்தது. மலையில் கோத்தர்தான் கொல்லர், தச்சர். அவர்கள் வீட்டுப் பெண்கள் குயவர். மலையின் மற்ற மக்களான தோடருக்கும் படகருக்கும் கத்தி, அரிவாள், பானை எல்லாம் அங்கிருந்துதான். தோடர் வீட்டு எழவுக்கும் படகர் வீட்டு எழவுக்கும் வாத்தியமும் கோத்தர்தான். படகர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இன்ன கோத்தர் குடும்பம் என்று முறை உண்டு. பதிலுக்குத் தானியம். தோடர் எழவில் பலியிட்ட எருமையின் இறைச்சி இவர்களுக்கு. கணக்குப் பார்த்தால், தன் ஊர்ச் சாவு மட்டும் என்றால் வருஷத்தில் சில நாள் ஊதியிருக்கும் கோத்தன், மலை முழுக்க யார் செத்தாலும் ஊதினான். கை ஓயாத பயிற்சி.

அதே காரணத்துக்காகத்தான் அவனைத் தாழ்த்தியும் வைத்தார்கள். சாவுக்கு ஊதுகிறவன், செத்த மாட்டைத் தின்கிறவன். 1930களில் இந்த முறை உடைந்தது. படகரில் படித்த சீர்திருத்தக்காரர்கள் எழவில் கோத்தர் வாத்தியம் வேண்டாம் என்றார்கள். கோத்தர் பக்கத்தில் சுள்ளி என்ற பள்ளி ஆசிரியர் குடுமியை வெட்டிக்கொண்டு, பழைய வழக்கங்களை விடச் சொல்லி ஊரோடு மல்லுக்கு நின்றார். 1930களின் பின்பாதியில் இங்கே வந்த மொழியியலாளர் எமனோ, கோத்தர் மொழியில் எழுதிக்கொண்ட கதைகள் பெரும்பாலும் அந்தச் சுள்ளி சொன்னவைதான். 1944இலிருந்து அவை புத்தகமாக வந்தன. படகர் எழவுகளுக்கு இப்போது வேறு வாத்தியக்காரர்கள் வருகிறார்கள். கோத்தர் தங்கள் சாமிக்கும் தங்கள் சாவுக்கும் மட்டும் ஊதுகிறார்கள்.

மலையின் பழைய இசை அழிந்ததே என்று இதைப் பற்றிக் கண்ணீர் விடுகிறவர்களைக் கூட்டங்களில் பார்க்கிறேன். எனக்கு அந்தக் கண்ணீர் வருவதில்லை. காரணம் என் அப்பா.

நான் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா தப்புக்காரர், அதாவது பறையடிப்பவர். தோட்டத்தில் சாமி கும்பிடு, காமன் கூத்து, எழவு எல்லாவற்றுக்கும் தப்பு வேண்டும். அதற்கு மேல் ஒரு வேலை இருந்தது. விடியும் முன்னே தப்படித்து ஆட்களைப் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிடுவது. பரேட் என்ற சொல்தான் மலையேறிப் பிரட்டாகிவிட்டது. தொரை வந்து நிற்பதற்குள் எல்லாரும் வந்து நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். ஊரையெல்லாம் எழுப்புகிறவன் ஊருக்கு முன்னே எழ வேண்டும். அப்பா நாலரைக்கெல்லாம் எழுந்து அடுப்படியில் தப்பைக் காய்ச்சுவார். தோல் சூடாகிற வாசனையில்தான் எனக்குத் தூக்கம் கலையும். விரலால் தட்டிப் பார்ப்பார், மறுபடி காட்டுவார், மறுபடி தட்டுவார். 'டங்' என்று வந்ததும் துண்டைக் காதோடு கட்டிக்கொண்டு இருட்டில் இறங்குவார். தமிழ்நாட்டிலிருந்து காபித் தோட்டத்துக்கும் தேயிலைக்கும் ஆள் போனபோது சாதியும் கூடவே கப்பலேறிப் போனது. தப்பு யார் கையில் இருக்க வேண்டும் என்பதிலும் அங்கே ஒரு குழப்பமும் வரவில்லை.

1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எங்கள் முறை 1970களில் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. எங்களைப் போல வந்தவர்களுக்காக அரசு 1968இல் காட்டைத் திருத்தித் தேயிலை வைக்கத் தொடங்கியிருந்தது. அதுதான் 1976 வாக்கில் டேன்டீ என்ற கழகமாயிற்று. சட்டி பானை, தகரப் பெட்டி, அம்மாவின் தையல் மிஷின் எல்லாம் வந்தன. தப்பு வரவில்லை. அப்பா அதை நாங்கள் இருந்த லயத்து வீட்டுக் கூரையில் சொருகிவிட்டு வந்ததாக அம்மா பின்னாளில் சொன்னார். இங்கே புது ஊர், யாருக்கும் நம்மைத் தெரியாது. சாகும்வரை அவர் இன்னொரு தப்பைத் தொடவில்லை. எனக்கும் ஒரு தட்டு சொல்லித்தரவில்லை.

அவர் கீழே வைத்த தோலை மறுபடி எடுத்தவர்களும் அவர் மாதிரி ஆட்கள்தான். 1990களில் மதுரை இறையியல் கல்லூரியில் தலித் கலைவிழா நடத்தினார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு பெண்பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்தது. பெண்கள் தொடக்கூடாது என்ற பேச்சும் அதோடு கொஞ்சம் உடைந்தது. 2007இல் சென்னைச் சங்கமம் வந்தபோது பூங்காவிலும் கடற்கரையிலும் பறை கேட்டது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எழவு வீட்டில் சாராயமும் சில்லறையும் வாங்கிக்கொண்டு அடித்ததை, இப்போது பணம் கட்டி, லீவு போட்டு, பாயில் படுத்து, கொப்புளம் வாங்கிக் கற்றுக்கொள்கிறார்கள். முதல் நாள் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த பையன் ராத்திரி பதினொரு மணிக்குத் தலையணையில் சொற்கட்டைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு வேடிக்கை போய்விட்டது.

மூன்றாம் நாளுக்கு முந்தைய ராத்திரி தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முகாம் ஆசான் என்னைப் பார்த்து, "ஐயா, தோட்டத்து அடி ஏதாச்சும் காதுல இருக்கா?" என்றார். இல்லை என்றுதான் சொன்னேன். பறையைக் காய்ச்சிக் கையில் கொடுத்தார். தோல் வாசனை வந்தது. எப்படியென்று தெரியவில்லை, இடது கைக் குச்சி முந்திக்கொண்டது. ஒரே சீராக நாலு, கொஞ்சம் நிறுத்தம், பிறகு விரட்டுகிற மாதிரி ஒரு ஓட்டம், மறுபடி நாலு. அப்பா அப்படித்தான் அடித்தாரா என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்த நிறுத்தம் அவருடையது. லயத்து வீட்டு வரிசை திரும்பும் இடத்தில் அவர் மூச்சு வாங்குவார்.

பிள்ளைகள் போனில் பதிவு செய்துகொண்டார்கள். "இதுக்கு என்ன பேரு ஐயா?" பிரட்டு என்றேன். எதற்கு அடிப்பது என்றும் சொன்னேன். உடனே ஒரு பெண்பிள்ளை கைதட்டி, "அப்ப நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு நீங்களே இதை அடிச்சு எங்களை எழுப்பிவிடுங்க ஐயா" என்றாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

மறுநாள் நாலரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. தீயில் கங்கு இன்னும் கிடந்தது. ஐந்தரைக்கு எல்லார் போனிலும் அலாரம் அடித்தது. நான் பறையை எடுக்கவில்லை. அந்தப் பெண் பல்துலக்கியபடியே வந்து, "மறந்துட்டீங்களா ஐயா?" என்றாள். ஆமாம்மா, தூங்கிட்டேன் என்றேன்.