முறிந்த பாராயணம்

திருநூலொன்றை ஒருவர் படிக்கப் பலர் கூடியிருந்து கேட்டல் நமக்குப் புதியதன்று. ஆலய மண்டபத்திலே புராணபடனம் நிகழும் நாட்களில், ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்ல, முதியோரும் சிறாருமாக அமர்ந்து கேட்டதை நம்முட் பலர் அறிவர். பஞ்சாப் நாட்டுச் சீக்கியரிடையே இவ்வழக்கம் கொண்ட உருவத்தையும், அத்தகைய பாராயணமொன்று இடையில் முறிந்தபோது அம்மக்கள் செய்ததையும் இங்கே கூற விரும்புகின்றோம்.

சீக்கியரது திருநூலை 1604ஆம் ஆண்டில் தொகுத்து நிறைவேற்றியவர் ஐந்தாவது குருவாகிய அர்ஜன் தேவர். குருமாரின் பாடல்களோடு நெசவாளராகிய கபீர், தோல்தொழிலாளராகிய ரவிதாசர், மகாராட்டிரத்து நாமதேவர், முஸ்லிம் சூபியாகிய ஷேக் பரீத் முதலியோரின் பாடல்களும் அதிலே இடம்பெற்றன. பத்தாவது குருவாகிய கோவிந்த சிங்கர் 1708இல் மறையுமுன், தமக்குப்பின் மனிதர் எவரும் குருவாகார், நூலே குரு என விதித்துச் சென்றார். ஆதலால் சீக்கியருக்கு அது வெறும் ஏடன்று. பீடமிட்டு, மேற்கட்டி கட்டி, சாமரம் வீசிப் போற்றப்படும் குருவே அது.

அந்நூலைத் தொடக்கம் முதல் இறுதிவரை குரல் அறாமல் ஓதுவதற்கு ‘அகண்ட பாட்’ என்று பெயர். இக்கால அச்சில் 1430 பக்கங்கள். ஓதி முடிக்க ஏறக்குறைய 48 மணி நேரம் செல்லும். ஒருவரால் ஆகக்கூடிய காரியமா அது? ஓதுவோர் பலர் முறைவைத்துக்கொள்வர். ஒருவர் எழுமுன்னரே அடுத்தவர் அருகில் அமர்ந்து ஒலி அறாவண்ணம் தொடர்வார். நள்ளிரவிலே கேட்போர் நாலைந்து பேரே ஆனாலும் குரல் நிற்பதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1923ஆம் ஆண்டு யூலையில் நாபா சமஸ்தானத்து மன்னர் ரிபுதமன் சிங்கை ஆங்கில அரசினர் முடிதுறக்கச் செய்தனர். கோயில்களை மகந்துகளின் பிடியிலிருந்து மீட்க அகாலிகள் போராடிக்கொண்டிருந்த காலம் அது; மன்னரோ அவர்களிடம் அனுதாபம் கொண்டவர். அந்தச் சமஸ்தானத்து ஜைத்தோ என்னும் ஊரிலே, கங்கசர் குருத்துவாராவில் மன்னர் பொருட்டுச் சீக்கியர் கூடி அகண்ட பாராயணம் தொடங்கினர். செப்டெம்பர் 14ஆந் திகதி பொலிசார் உட்புகுந்து, ஓதிக்கொண்டிருந்தவரையும் பிடித்துச் சென்றனர்.

வழிபாடு போர்வை, உள்ளிருப்பது அரசியல் என்பது அரசினர் வாதம். அதிலே உண்மை அறவே இல்லையென்று நாம் கூறமாட்டோம். மன்னருக்காகவே அவர்கள் கூடினர். ஆயினும் கூட்டத்திற் பேசுவோரைத் தடுத்தல் வேறு, ஓதுகின்றவரை நூலின் முன்னிருந்து எழுப்பி இழுத்தல் வேறு. இதனை அதிகாரிகள் உணர்ந்திலர். விளைவு என்ன? மன்னர் விவகாரம் பின்னே போயிற்று. முறிந்த பாராயணம் முன்னே வந்து நின்றது.

அமிர்தசரஸ் அகால் தக்தின் முன் சத்தியஞ்செய்து, 25 பேர் கொண்ட கூட்டங்கள் நாள்தோறும் ஜைத்தோவை நோக்கிப் புறப்பட்டன. பொலிசார் அவர்களை அடித்துப் பிடித்துத் தொலைவான காடுகளிலே கொண்டுபோய் விட்டனர். இதனை நேரிற் காணச் சென்ற ஜவகர்லால் நேருவும், உடன்சென்ற கித்வானி, சென்னை மாகாணத்தவராகிய சந்தானம் ஆகியோரும் அதே செப்டெம்பரிற் கைதாயினர். நேருவின் கையையும் சந்தானத்தின் கையையும் ஒரே விலங்கிற் பூட்டி ஊர்வீதியிலே நடத்திச் சென்றனர். பஞ்சாபியர் பாராயணத்துக்காகத் தமிழர் ஒருவர் விலங்கு பூண்டதை நம்மவரிற் பலர் அறியார்.

1924 பெப்ரவரி 9ஆந் திகதி 500 பேர் கொண்ட பெருங்கூட்டம் புறப்பட்டது. அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை என்பது அவர்கள் விரதம். பல்லக்கிலே திருநூலை நடுவில் ஏந்தி, பாடிக்கொண்டே ஊரூராக நடந்தனர். வழியெல்லாம் கிராமத்தார் உணவளித்தனர், பின்தொடர்ந்தும் வந்தனர். 21ஆந் திகதி ஜைத்தோவை அணுகியபோது துப்பாக்கிகள் வெடித்தன. இறந்தோர் தொகையை அரசினர் குறைத்தும் சீக்கியர் மிகுத்தும் கூறினர். எப்படியாயினும், கூட்டங்கள் வருவது நிற்கவில்லை. அடுத்த 500 பேர் அதே மாதத்திற் புறப்பட்டனர். கடல் கடந்து கனடாவிலிருந்தும் ஒரு குழு வந்து சேர்ந்தது.

1925 யூலையில் பஞ்சாப் சட்டசபை குருத்துவாராச் சட்டத்தை நிறைவேற்றியது. தேர்தல்மூலம் அமையும் சபையிடம் கோயில்களை ஒப்படைத்த சட்டம் அது. பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தது. ஜைத்தோவின் தடையும் நீங்கிற்று. முறிந்த ஒன்றுக்கு ஈடாக 101 பாராயணங்கள் செய்வதென உறுதிபூண்டனர். ஒன்றன்பின் ஒன்றாக ஓதினால் 200 நாட்களுக்கு மேலாகும். ஆகையாற் பல பாராயணங்களை ஒரே காலத்தில் நடத்தி, ஓகஸ்ட் 6ஆந் திகதி கங்கசரிலே அனைத்தையும் நிறைவுசெய்தனர். சிறைமீண்டோர் பலர் அவ்விடத்திலே அமர்ந்து கேட்டனர்.

மன்னர் மட்டும் அரியணைக்கு மீளவில்லை. 1928இல் அவரைத் தமிழகத்துக் கொடைக்கானலுக்கு அனுப்பிக் காவலில் வைத்தனர். 1942இல் அம்மலையிலேயே அவர் காலமானார்.