தைராய்டு மாத்திரையும் பன்றி பற்றிய ஐயமும்

தைராய்டு மாத்திரையில் பன்றி கலந்திருக்குமோ என்ற ஐயம் நம் வீடுகளில் அவ்வப்போது எழுகிறது. அதை வீண் ஐயமென்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கொரு வரலாறு உண்டு.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில், தைராய்டு சுரப்பி செயல் குன்றியதால் முகம் வீங்கி, சிந்தனையும் செயலும் மந்தமாகிப்போன 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஜார்ஜ் முர்ரே என்னும் மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழிச் செலுத்தினார். பின்னர் அச்சாற்றையே அருந்திவந்த அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்குச் செலவான சுரப்பிகள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளுடையவை!

பன்றிக்கு வருவோம். 1914-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டால் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ மூன்று டன் பன்றிச் சுரப்பிகளிலிருந்து அவர் திரட்டியது வெறும் 33 கிராம். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதே பொருளை ஆய்வகத்திலேயே உருவாக்கினர். இன்று நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் லெவோதைராக்சின் இவ்வழி வந்தது. அந்த ஹார்மோன் எந்த விலங்கிலிருந்தும் எடுக்கப்படுவதில்லை.

ஆனால், உலர்த்திப் பொடித்த பன்றிச் சுரப்பி மாத்திரைகள் அமெரிக்காவில் இன்றும் விற்பனையாகின்றன. அங்கிருந்து உறவினர் கொண்டுவரும் குப்பியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்போம். பன்றியுடையதெனில், மருந்தைத் திடீரென நிறுத்திவிடாமல், லெவோதைராக்சினுக்கு மாற்றித் தருமாறு மருத்துவரிடம் கேட்போம்.