கலப்பையும் காவும்

சங்ககாலக் கலைஞர் ஊர்தோறும் சென்று பரிசில் பெற்றமை யாவரும் அறிந்ததே. அவர் தம் இசைக்கருவிகளை எங்ஙனம் கொண்டு சென்றனர் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

583 அடிகளால் இயன்ற மலைபடுகடாம், செங்கண்மாத்து நன்னனை நாடிச் செல்லும் கூத்தரின் சுமையை முதற்கண் காட்டுகின்றது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, களிற்றுயிர்த்தூம்பு, குறும்பரந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனப் பத்துக் கருவிகளை எண்ணிப் 'பிறவும்' என்று முடிக்கின்றார் பெருங்கௌசிகனார். இவற்றை இட்ட பையே கலப்பை. கலம், பை என்னும் இரு சொற்களால் ஆகிய இது, உழுபடையைக் குறிக்கும் கலப்பையின் வேறு என்க. அப்பைகள் காவில் தொங்குதற்குப் பலாக்காய்க் கொத்து உவமையாகின்றது. பண்ருட்டித் தோப்புகளிற் காய்கள் கொத்தாகத் தொங்கக் கண்டார்க்கு இவ்வுவமையின் பொருத்தம் இனிது விளங்கும்.

கருவிகளை ஒத்த கனமாகக் கட்டினர் என்று புலவர் கூறுவது வெற்றுரை அன்று. இந்நூலே பின்னர், பாசி படர்ந்து அடி வழுக்கும் இடங்களில் சிறுமூங்கிலையும் கோரைத் தண்டையும் பற்றிச் செல்லுமாறு எச்சரிக்கின்றது. தோளிற் காவும் கையிற் பற்றுக்கோடுமாக நடப்பார்க்குச் சுமை ஒருபுறம் சாயின் வீழ்ச்சி உறுதி. ஆதலின் சமனிலை, உயிர்காக்கும் தொழில்நுட்பம் ஆயிற்று.

இதனை உளங்கொண்டு நோக்கின், புரவலர் தேர் வழங்கியதாகப் பாடுவதன் பொருத்தமும் புலனாகும். கரிகாலன் வெண்புரவி நான்கு பூட்டிய தேரைப் பொருநனுக்கு அளித்தான் என்கின்றது பொருநராற்றுப்படை. பண்ருட்டிக்கு வடக்கே, திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலுக்குரிய நல்லியக்கோடன், தேரொடு அதனைச் செலுத்தும் வலவனையும் தந்தான் என்கின்றது சிறுபாணாற்றுப்படை. இவற்றை உயர்வுநவிற்சி என்பாரும் உளர். எனினும், உயர்த்திக் கூறுங்காலும் சுமப்போரின் குறைக்கு ஏற்ற கொடையையே புலவர் தேர்ந்தனர் என்பது மறுக்கலாகாது.

ஆயினும் காவிற்கு வேறொரு சிறப்பும் உண்டு. அதியமான் பரிசில் நீட்டித்தபோது, ஔவையார் தம் கலங்களைக் காவிக் கலப்பையைச் சுருக்கிப் புறப்பட்டதைப் புறநானூற்று 206ஆம் பாட்டு உரைக்கின்றது. தேர் பிறர் தந்தாலன்றி வாராது. காவோ தம் தோளிலேயே உளது. எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு என்று அவர் துணிந்து கூறியதற்குப் புலமையோடு இக்காவும் துணைநின்றது எனல் தகும்.

கூத்துப் பெட்டிகள் மாட்டுவண்டியினின்று வேனுக்கு மாறிவிட்ட இந்நாளிலும், தம் கருவியைத் தாமே கொண்டு செல்ல வல்லார்க்கே தாம் விரும்பியபோது புறப்படும் உரிமை உண்டு. கலப்பை என்னும் பழஞ்சொல்லாற் பெறப்படும் வரலாற்றுண்மை இதுவேயாம்.