ஜொகூர் லாமா மண்கோட்டை: பார்த்து வந்த கதை



போன ஞாயிறு காலை பூஜை முடிந்து, அன்னதானப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாங்கள் தொண்டர்கள் பன்னிரண்டு பேர் வேன் பிடித்து ஜொகூர் லாமாவுக்குப் போய் வந்தோம். "அங்க என்ன கோயில் இருக்கு?"ன்னு சிலர் கேட்டீங்க. கோயில் இல்லை, கோட்டை. அதுவும் மண்ணால் கட்டிய கோட்டை.

போனதற்குக் காரணம் நம்ம வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய ஒரு செய்தி. ஜொகூர் காட்டுக்குள்ளே சோழர் கட்டிய கருங்கல் கோட்டை இருக்குன்னு போட்டிருந்தார்கள். தேவார வகுப்புப் பிள்ளைகள் "உண்மையா?"ன்னு கேட்டபோது எங்களுக்குப் பதில் தெரியலை. சரி, முதலில் கண்ணுக்குத் தெரியும் கோட்டையைப் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

கோத்தா திங்கி மாவட்டத்தில், ஜொகூர் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்தக் கம்பம். சுற்றிலும் செம்பனை. வேனை விட்டு இறங்கியதும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். "அங்கிள், இது வெறும் மேடுதானே?" என்றார்கள். புல் முளைத்த நீளமான மண்கரை, அவ்வளவுதான். மேலே ஏறி நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆறு முழுக்கக் கண்ணுக்கு எதிரே. கடலிலிருந்து எந்தக் கப்பல் ஏறி வந்தாலும் தப்ப முடியாது.

1511-ல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். ஓடிப்போன சுல்தான் மஹ்மூட் 1528-ல் கம்பாரில் காலமானார். அவருடைய மகன் அலாவுடின் ரியாயாட் ஷா இந்த ஆற்றுப் பக்கம் வந்து ஜொகூர் அரசை நிறுவினார். 1540 வாக்கில் இந்த இடம் தலைநகரம் ஆனது. மண்ணை வெட்டிக் குவித்து, மேலே மரக்கட்டைகளை நட்டு அரண் கட்டினார்கள். மண் என்றால் மட்டம் இல்லை. பீரங்கிக் குண்டு கல்லில் பட்டால் கல் சிதறும், மண்ணில் பட்டால் புதைந்துவிடும். இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களும் முதலில் மண்மேடு குவித்து மரவேலி போட்டுத்தான் கோட்டை கட்டினார்கள்.

அப்படிக் கட்டியும் நிம்மதி இல்லை. 1564-ல் ஆச்சே படை வந்து ஊரை அழித்தது, சுல்தானையும் கொண்டுபோனது. பிறகு மறுபடியும் தலைநகரம் இங்கே வந்தது. ஜொகூர் மலாக்காவுக்குப் போகும் கப்பல்களை மறித்ததால் 1587-ல் போர்த்துகீசியர் பெரும் படையோடு வந்தார்கள். கோட்டையை உடைத்து, ஊரைக் கொளுத்தி, பீரங்கிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். தலைநகரம் ஆற்றின் மேலே பத்து சாவாருக்கு மாறியது. ஆனாலும் அரசு அழியவில்லை. 1641-ல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தபோது அவர்களுக்குத் துணை நின்றது இதே ஜொகூர்தான்.

இவ்வளவும் எப்படித் தெரியும்? மேடு சொல்லவில்லை. மலாய்க்காரர்களும் போர்த்துகீசியர்களும் எழுதி வைத்தார்கள். 1950-களில் ஆய்வாளர்கள் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. எழுத்தும் மண்ணும் ஒத்துப்போனதால்தான் இது வரலாறு.

இப்போ அந்தக் கருங்கல் கோட்டைக்கு வருவோம். செஜாரா மெலாயு நூலில், ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு கருங்கல் கோட்டை இருந்ததாகவும், ராஜா சூரன் படையோடு வந்து அதை வென்றதாகவும் கதை இருக்கிறது. ராஜேந்திர சோழனின் 1025 கடல் படையெடுப்பின் நினைவு அது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. ஆனால் அந்தக் கதையிலேயே அவர் கோட்டையைக் கட்டியவர் இல்லை, பிடித்தவர். 2005-ல் அந்தக் கோட்டை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்று பெரிதாகச் செய்தி வந்தது, ஆனால் கோட்டை என்று உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை. சோழன் கடாரம் வென்றதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சாட்சி. அந்தப் பெருமை நமக்குப் போதும். இல்லாததைச் சேர்த்தால் இருப்பதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

திரும்பும் வழியில் நாங்கள் அதிகம் பேசியது நம்ம கோயிலைப் பற்றி. தோட்டம் விற்கப்பட்டு அம்மனை இங்கே கொண்டுவந்தோம். பழைய இடத்தில் இன்று செம்பனைக்கு நடுவே ஒரு மேடுதான் மிச்சம். முதல் சூலம் நட்டது யார், எந்த வருஷம்? லயத்தில் இருந்த ஒரு பாட்டிக்கு எல்லாம் தெரியும். கேட்கலாம் கேட்கலாம் என்று ஷிப்டும் ஓவர்டைமுமாக நாங்கள் தள்ளிப்போட்டோம். போன வருஷம் பாட்டி போய்விட்டார். நானூறு வருஷத்துக்கு முந்தின மண்கோட்டைக்கு வருஷம் சொல்ல முடிகிறது, நூறு வருஷம்கூட ஆகாத நம்ம கோயிலுக்குச் சொல்ல முடியவில்லை. தப்பு எங்களுடையதுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். பழைய திருவிழா அழைப்பிதழ், நன்கொடை ரசீது, பின்னால் தேதி எழுதிய போட்டோ, எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கொண்டுவாருங்கள். போனில் படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நாங்களே நோட்டோடு வருகிறோம். தெரிந்ததை மட்டும் எழுதுவோம், யார் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுவோம்.

அம்மன் துணை.