கூழைக்கடா தொலைந்த காடும், தொலையாத ஊரும்

கூழைக்கடா என்று சொன்னால் நம்ம ஆட்களில் பாதிப் பேர் ஏதோ ஆட்டுக்கிடா என்று நினைக்கிறார்கள். பெலிக்கன் என்றால் மீதிப் பேருக்கு இங்க் பாட்டில் ஞாபகம் வருகிறது. ரெண்டும் இல்லை சாமி. அலகுக்குக் கீழே தோல் பை தொங்கும், இறக்கையை விரித்தால் எட்டடி வரும், 4 முதல் 6 கிலோ எடை இருக்கும், அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு போய் மரத்து உச்சியில் கூடு கட்டும். அந்தப் பறவைதான் கூழைக்கடா. நம்ம ஊரில் கூடு கட்டுவது புள்ளி அலகுக் கூழைக்கடா. அலகின் ஓரத்தில் வரிசையாக நீலப் புள்ளி இருக்கும், பைனாகுலரில் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

அந்தப் பையில் மீனைச் சேமித்து வைக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது டிபன் பாக்ஸ் இல்லை, வலை. தண்ணீரோடு சேர்த்து மீனை அள்ளும், அலகைத் தாழ்த்தித் தண்ணீரை வடிய விடும், தலையைத் தூக்கி ஒரே விழுங்கு. கூட்டில் குஞ்சு என்ன செய்யுமென்றால், அம்மாவின் தொண்டைக்குள் தலையையே விட்டு எடுத்துச் சாப்பிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரியது சின்னதை விழுங்குகிறது என்று பதறிவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் எழுத உட்கார்ந்தது இந்தப் பறவையின் பழக்கவழக்கம் பற்றி இல்லை, அதன் சரித்திரம் பற்றி. இதில் ஒரு புதிர் இருக்கிறது. லட்சக்கணக்கில் கூடு கட்டிய ஒரு பெருங்காடு அறுபது, எழுபது வருஷத்துக்குள் சுவடில்லாமல் போனது. ஆனால் நாலு தெரு இருக்கிற குக்கிராமங்களில் இருந்த சின்னக் கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்தன. ஏன்?

முதலில் ஜெர்டான். மெட்ராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்தவர், 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிப் பெரிய நூல் எழுதினார். கர்நாடகப் பிரதேசத்தில் (இன்றைய கர்நாடகா இல்லைங்க, அன்றைக்கு கர்நாட்டிக் என்று சொன்ன நம்ம கிழக்குச் சமவெளி) ஒரு கிராமத்தின் நடுவில், அவ்வளவாக உயரமில்லாத மரங்களில் இவை கூடு கட்டியிருப்பதைப் பார்த்ததாக எழுதுகிறார். காலங்காலமாக அங்கேதான் கட்டுகின்றன என்று ஊர்க்காரர்கள் சொன்னார்களாம். கீழே ஆள் நடமாட்டம், பறவைகள் கண்டுகொள்ளவே இல்லையாம். எல்லாம் எழுதினவர் ஊர் பெயரை மட்டும் எழுதவில்லை! எங்கள் தொழிலில் இப்படி ஒரு பக் ரிப்போர்ட் வந்தால் உடனே திருப்பி அனுப்பிவிடுவோம். அந்த ஒற்றை வார்த்தை இல்லாததால் பின்னால் வந்தவர்கள் எண்பது வருஷம் தடவினார்கள்.

அடுத்தது பர்மா. யூஜின் ஓட்ஸ் அங்கே பொதுப்பணித் துறை இஞ்சினியர். பகலில் ரோடு, மீதி நேரம் பறவை. (இஞ்சினியர்களுக்குப் பொழுதுபோக்கு கிடையாது என்று யார் சொன்னது? :-)) சித்தாங் ஆற்றுச் சமவெளியில் தான் பார்த்ததை 1877இல் எழுதினார். 150 அடி உயர எண்ணெய் மரங்கள். அவற்றில் 80, 100 அடி வரைக்கும் கிளையே கிடையாது. காட்டில் இருபது மரத்துக்கு ஒன்றுதான் அந்த ஜாதி, பறவைகள் தேடிப் பிடித்து அதில்தான் கூடு கட்டியிருந்தன. மதியம் மூன்று மணி வரை இருபது மைல் நடந்திருக்கிறார். ஒரு இடத்தில்கூடக் கூழைக்கடாக் கூடோ பெருநாரைக் கூடோ கண்ணில் படாமல் இல்லை. பர்மியர்களிடமும் விசாரித்து, நீளம் 20 மைல் அகலம் 5 மைல் என்று கணக்குப் போட்டார். நூறு சதுர மைல். 2011க்கு முந்தைய சென்னை மாநகராட்சி எல்லையைவிடப் பெரிய ஒரு இடம் முழுக்கப் பறவைக் கூடு என்று கற்பனை செய்து பாருங்கள். எண்ணிக்கை என்னவென்று யாரால் சொல்ல முடியும்?

ஓட்ஸின் குறிப்புகளை அச்சிட்ட பத்திரிகையை நடத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமாம், 1885இல் காங்கிரஸ் கட்சி தொடங்கக் காரணமான அதே ஹியூம்தான். இருபத்தைந்து வருஷம் சேர்த்து வைத்த பறவைக் கையெழுத்துப் பிரதிகளை அவர் சிம்லா வீட்டில் வைத்துவிட்டு வெளியூர் போக, வேலையாள் அதைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். பேக்கப் இல்லாத வாழ்க்கை. அதோடு மனுஷனுக்குப் பறவை ஆராய்ச்சியே வெறுத்துப்போய், சேகரிப்பு முழுவதையும் லண்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்தியப் பறவைகள் பற்றிய அரசாங்க நூலின் முதல் பாகங்களை எழுதும் வேலை கடைசியில் ஓட்ஸ் தலையில்தான் விழுந்தது.

சித்தாங் கூட்டம் இன்னும் ஆயிரக்கணக்கில் இருப்பதாக 1929இல் ஸ்டூவர்ட் பேக்கர் எழுதினார். அதன்பிறகு 1930களிலும் 40களிலும் தேடிப் போனவர்களுக்கு ஒரு கூடுகூடக் கிடைக்கவில்லை. ஆற்று வெள்ளத்தில் காடு அழிந்திருக்கலாம் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அதே காலத்தில் கீழ் பர்மா முழுக்கவே சதுப்பும் காடும் வெட்டப்பட்டு நெல் வயலாகிக்கொண்டிருந்தன. அந்த வயல்களுக்குக் கடன் கொடுத்தது நம்ம நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கூலிக்குப் போனவர்களில் நம்ம ஜில்லாக்காரர்கள் நிறையப் பேர். கூழைக்கடாவை அவர்கள் விரட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்டில் கூடுகளுக்குக் கீழே, "இது எங்க பறவை" என்று சொல்ல ஒரு ஊர் இருந்ததாக எந்தக் குறிப்பிலும் நான் படிக்கவில்லை.

இப்போது இந்தப் பக்கம் வாருங்கள். கடப்பை மாவட்டக் கையேடு ஒன்றில் புச்சுப்பள்ளி என்ற கிராமத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் சேர்ந்து கூடு கட்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு ஒரு முட்டை சேகரிப்பாளர் 1902 ஜூனில் போய் இறங்கினார். அவை கூடு கட்டுவதோ மார்ச்சில். நாரைக் கூடு நாலைந்து பார்த்ததோடு திரும்பினார். நாலு வருஷம் கழித்து, 1906இல் ரேனியஸ் என்பவர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு ஊரைப் பற்றித் தகவல் கொடுத்தார். ஊர்க்காரர்கள் இந்தப் பறவையைப் பாதி சாமியாகவே நடத்துகிறார்கள் என்பது அவர் கொடுத்த செய்தி. ஊர் பெயர் குந்தகுளம் என்று ஆங்கிலத்தில் பதிவானது. அதுதான் நம்ம கூந்தன்குளம். (அணு உலை இருக்கிற கூடங்குளம் வேறு. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது கவனம்.) 1944இல் வெப்-பெப்லோ என்பவர் திரும்பப் போய்ப் பார்த்தபோதும் கூட்டம் அங்கேயே இருந்தது.

இத்தனைக்குப் பிறகும், பறவை அறிஞர்கள் நடுவில் இந்தப் பறவை கூடு கட்டுவது பர்மாவில் மட்டும்தான் என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தது. 1946இல் கே.கே.நீலகண்டன் கொல்லேறு ஏரிக்குப் பக்கத்தில், மேற்கு கோதாவரி மாவட்டத்து ஆரேடு கிராமத்தில் பெரிய கூட்டத்தைப் பார்த்து எழுதிய பிறகுதான் அது மாறியது. இந்துசூடன் என்ற பெயரில் மலையாளத்தில் பறவைகள் பற்றி எழுதினாரே, அவரேதான். தொழில் ஆங்கிலம் கற்பிப்பது.

எல்லாப் புத்தகத்திலும் இதற்குக் "கண்டுபிடிப்பு" என்றுதான் பெயர். எனக்கு இந்த வார்த்தைமேல் கொஞ்சம் கோபம் உண்டு. ஆரேட்டுக்காரனுக்கும் கூந்தன்குளத்துக்காரனுக்கும் தன் வீட்டு மரத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாதா என்ன? நீலகண்டன் மேல் குறையில்லை, அவர் எழுதினதால்தான் நமக்குத் தெரிகிறது. ஆனால் அந்த ஊர்களில் பறவைகளை வைத்துக் காப்பாற்றிய ஆட்கள் ஒருத்தர் பெயரும் சரித்திரத்தில் இல்லை.

ஏன் காப்பாற்றினார்கள்? பக்தி, பாசம் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. கூடவே ஒரு கணக்கும் இருந்தது. எச்சம்! மீன் தின்னும் பறவையின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளம். ஏரி நடுவில் மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு இருந்தால், மாதக்கணக்கில் அது தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கும். அதே தண்ணீர் மடை வழியாக நெல் வயலுக்குப் போகிறது. யூரியா மூட்டை கண்ணில் படாத காலத்தில் இது எவ்வளவு பெரிய சொத்து என்று யோசியுங்கள். செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல்காரர்கள் இந்தக் கணக்கை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். வெள்ளைக்கார சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட ஆரம்பித்ததும் நேராகக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய்ப் புகார் சொல்லி, சுடக்கூடாது என்று 1798 வாக்கில் எழுத்திலேயே வாங்கிவிட்டார்கள். காட்டிலாகா, சரணாலயம், சட்டம் என்று எதுவும் இல்லாத காலம் அது. குடியானவர்கள் கம்பெனி அதிகாரியிடம் நீர்க்காகத்துக்கும் நாரைக்கும் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். நம்ம பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

கூந்தன்குளத்துக்கு ஒரு பிப்ரவரியில் போயிருந்தேன். நாங்குநேரி தாலுகா, மூலைக்கரைப்பட்டி பக்கம். மணிமுத்தாறு தண்ணீர் வந்து குளம் நிரம்பியிருந்தது. குளத்துக்குள் கருவேல மரங்களில் கூடு இருப்பது சாதாரணம்தான். ஊருக்குள் வீட்டுப் புறவாசல் வேப்ப மரத்தில், ஓட்டுக்கு மேலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன, அதுதான் ஆச்சரியம். கீழே மீன் கவிச்சி குடலைப் பிடுங்கியது. ஒரு ஆச்சி அசராமல் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். இந்த நாற்றத்தில் எப்படி ஆச்சி இருக்கீங்க என்று கேட்டேன். "பிள்ளைப்பேறு பாக்க வந்திருக்கு. பேறுகால வீட்ல நாத்தம் இல்லாம இருக்குமாய்யா?" என்றார். தீபாவளியோ கோயில் கொடையோ, இந்த ஊரில் வெடி கிடையாது. குஞ்சு கீழே விழுந்தால் எடுத்து வளர்ப்பதும் உண்டு.

குளத்தங்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. கூழைக்கடா முப்பது நாள் போல அடைகாத்து, பிறகும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் குஞ்சுக்கு மீன் சுமக்க வேண்டும். அதுவரை குளத்தில் தண்ணீரும் சுற்று வட்டாரத்தில் மீனும் தாங்க வேண்டும். நடுவில் வற்றினால் தாய்ப்பறவை கிளம்பிவிடும், குஞ்சுகள் பட்டினி. ஆக இது ஊர் மனசு வைத்தால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. மணிமுத்தாறு மதகை யார் எப்போது திறக்கிறார் என்பதிலும் இருக்கிறது. 1994இல் சரணாலயம், 2022இல் ராம்சர் பட்டியலில் இடம் என்று கூந்தன்குளத்துக்குப் பட்டங்கள் வந்துவிட்டன. மதகுக்கு அந்தப் பட்டமெல்லாம் தெரியாது.

ஊர் இருந்தால் போதும், பறவை தப்பிக்கும் என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். ஆரேடு கதை அதை உடைக்கிறது. நீலகண்டன் பார்த்து முப்பது வருஷம் ஆவதற்குள், 1970களில் அந்த மரங்கள் வெறிச்சோடிவிட்டன. அங்கேயும் ஊர் இருந்ததுதானே! பின்னால் கொல்லேறு ஏரியே மீன் பண்ணைகளாகப் பாத்தி கட்டப்பட்டு, 2006இல் அரசாங்கம் கரைகளை உடைக்க வேண்டி வந்தது. இப்போது அதே ஏரியில் ஆட்டப்பாக்கா என்ற இடத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. மரம் போதாமல் வனத்துறை இரும்பில் நட்டு வைத்த தாங்கிகளிலும்கூட.

ஆரேடு காலியான அதே பத்தாண்டில்தான் கர்நாடகத்தில் இன்னொன்று "கண்டுபிடிக்கப்பட்டது". மாண்டியா மாவட்டம் கொக்கரெபெள்ளூர், 1976, வன அதிகாரி நெகின்ஹால். பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள் மைசூர் ரோட்டில் போகும்போது இடது பக்கம் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம். இங்கே குளம்கூட இல்லை, ஊருக்குள் புளிய மரத்திலும் ஆலமரத்திலும்தான் கூடு. பழைய ஊர் ஷிம்ஷா ஆற்றங்கரையில் இருந்ததாம். பிளேக் வந்து ஜனங்கள் இடம்பெயர்ந்தபோது பறவைகளும் கூடவே வந்துவிட்டன என்று ஊரில் சொல்கிறார்கள். இங்கேயும் அதே பேச்சுதான்: பிரசவத்துக்கு வந்த பெண். கூந்தன்குளத்து ஆச்சிக்கும் இவர்களுக்கும் நடுவில் பாஷை வேறு, நானூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம் வேறு.

கூடு இருக்கிற புளிய மரத்தை உலுக்க முடியாது. புளி போச்சு. அதனால் மரத்துக்கு இவ்வளவு என்று வனத்துறை உரிமையாளர்களுக்கு ஈட்டுத்தொகை கொடுக்கிறது. எச்சத்தை உரமாக எடுத்தவர்கள் பிள்ளைகள் இன்றைக்குக் கடையில் மூட்டை உரம் வாங்குகிறார்கள், அதனால் பழைய கணக்கின் இடத்தில் இந்தப் புதுக் கணக்கு வந்திருக்கிறது. இதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பாசத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தைப் புளியை விடச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

2017 டிசம்பரில் கொக்கரெபெள்ளூரில் கூழைக்கடாக்கள் மரத்திலிருந்து ஒவ்வொன்றாக விழுந்து சாக ஆரம்பித்தன. அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் கொத்துக் கொத்தாக உருளைப் புழு. மீன் வழியாக வந்தது. அடுத்த வருஷமும் ஓயாமல் பல டஜன் பறவைகள் போயின. 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டம் தெலிநீலாபுரத்திலும் இதே புழு, நூற்றுக்கும் மேல் சாவு. அதுவும் ஊர்க்காரர்கள் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்கிற இடம்தான். கூழைக்கடா தன் ஊர்க் குளத்தில் மட்டும் மீன் பிடிப்பதில்லை, பல கிலோமீட்டர் பறந்து எந்தப் பண்ணைக் குட்டையில் கிடைத்தாலும் அள்ளிக்கொண்டு வரும். அந்தக் குட்டைத் தண்ணீர் என்ன லட்சணம் என்று கூடு இருக்கிற மரத்தடியில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? இதற்கு எந்தக் கலெக்டரிடம் போய் மனுக் கொடுப்பது?

செத்த பறவைகளை ஊர்க்காரர்கள்தான் கண்டு வனத்துறைக்குச் சொன்னார்கள். அதற்கடுத்த வருஷங்களிலும் கொக்கரெபெள்ளூர் புளிய மரங்களுக்குக் கூழைக்கடாக்கள் வந்தன.