வெயிலும் வெடியுப்பும்

கரிசல் வெயிலையே முதலாக வைத்துத் தொழில் வளர்த்த ஊர் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிமத்தை வற்புறுத்திய பின்னரே பட்டாசு முறையான ஆலைத் தொழிலாயிற்று. குச்சியும் திரியும் உலர எரிவாயு வேண்டியதில்லை. முற்றத்து வெயில் போதும்.

மருந்தின் கதை அப்படியன்று. பொட்டாசியம் குளோரேட், உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் பெறுவது. அலுமினியமும் மின்சாரத்தின் பிள்ளையே. வெடியுப்பை முன்னாளில் பீகாரின் மண்ணிலிருந்து காய்ச்சினர். இக்காலத்து நைட்ரேட்டுக்கோ நைட்ரிக் அமிலம் வேண்டும்; அதற்கு அம்மோனியா; அம்மோனியாவுக்குப் பெரும்பாலும் இயற்கை எரிவாயு. ஊருக்குள் வாயுக் குழாய் வாராதிருந்தும் வாயுவின் விலை வந்துவிடுகிறது.

விலையினும் கடுமையானது விதி. குளோரேட்டும் கந்தகமும் கலந்தால் சிறு உராய்விலேயே பற்றிக்கொள்ளும். ஆதலின் 1992இல் அரசு அக்கலவையைத் தடை செய்தது. உயிர் காக்கும் தடை அது. குறை கூறுவாரும் உளரோ? தொழில் நைட்ரேட்டையே இறுகப் பற்றியது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் காற்று மாசின் பொருட்டுப் பேரியம் உப்புகளையும் விலக்கிற்று. 2021இல் அதை மீண்டும் வலியுறுத்திற்று. பச்சை ஒளி தருவதும், கம்பி மத்தாப்பில் சேர்வதும் பேரியம் நைட்ரேட்டே. நாகபுரியின் நீரி ஆய்வகம் மாற்றுக் கலவைகளை வகுத்தளித்தது உண்மை. ஆனால் அதற்கு முன், 2018 நவம்பரில் கதவடைத்த ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. குழாய் சுற்றிக் கூலி பெற்ற பெண்கள் வெறுங்கையோடு வீட்டிலிருந்தனர்.