அசைபோடும் வயிறும் மூலதனத்தின் கணக்கேடும்
கால்நடைப் போசணை விஞ்ஞானத்தின் தோற்றம் பற்றிய சில குறிப்புகள்

புல்லிலும் வைக்கோலிலும் நிறைந்துள்ள செலுலோசைச் சிதைக்கவல்ல நொதியம் மனிதக் குடலிற் சுரப்பதில்லை. மாட்டின் குடலிலும் அது சுரப்பதில்லை என்பது பலரும் அறியாத உண்மை. மாடும் எருமையும் ஆடும் புல்லைத் தின்று வாழ்வதற்குக் காரணம் அவற்றின் நான்கு அறை கொண்ட வயிற்றின் முதல் அறையிற் குடியிருக்கும் எண்ணிறந்த நுண்ணங்கிகளேயாம். வளர்ந்த பசுவொன்றில் இவ்வறை நூறு லீற்றருக்கு மேற் கொள்ளும். அங்கே ஒட்சிசன் அற்ற சூழலில் தீனி நொதிக்கின்றது. அதனால் உண்டாகும் அசெற்றிக்கமிலம் முதலியன அறையின் சுவரூடாகக் குருதியிற் கலந்து, விலங்கின் சக்தித் தேவையிற் பெரும்பகுதியை நிறைவு செய்கின்றன. பின்னர் நுண்ணங்கிகளும் அடுத்த அறைகளுக்குத் தள்ளப்பட்டுத் தாமே சமிபாடடைந்து விலங்குக்குப் புரதமாகின்றன. உழவுக்கு ஒவ்வாத நிலத்தின் விளைவையும் மனிதனின் உணவாக்கியமையே மேய்ச்சற் சமூகங்களின் வரலாற்றுப் பங்களிப்பு எனில், அதன் பொருளாயத அடிப்படை இந்த வயிறே எனலாம்.

ஆயினும் இவ்வுண்மை முழுமையாகத் துலங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தீவன விஞ்ஞானம் அட்டவணைகளோடும் அலகுகளோடும் ஐரோப்பாவில் நிலைபெற்றுவிட்டது. வயிற்றினுள் நிகழ்வது யாதென அறியுமுன், உள்ளே செல்வதும் வெளியே வருவதும் எவ்வளவு என்ற வினா முந்திக்கொண்டது ஏன்? இதற்கு விடையை ஆய்வுகூடத்துக்குள் மாத்திரம் தேடிப் பயனில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் நிலம் அடைப்புக்குள்ளாகி, இறைச்சி நகரச் சந்தைக்கான பண்டமாயிற்று. லெஸ்டர்ஷயரில் டிஷ்லி என்னுமிடத்துப் பண்ணையாளரான றொபேட் பேக்வெல் (1725–1795) தெரிவினப்பெருக்கத்தால் விரைவிற் கொழுக்கும் செம்மறியை உருவாக்கினார். எங்களிற் பலர் 'மூலதனம்' நூலின் முதலாம் பாகத்தோடு நின்றுவிடுவதால், 1885இல் ஏங்கெல்ஸ் பதிப்பித்த இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ் இப்பேக்வெல்லைப் பற்றி எழுதியுள்ளமை கவனிக்கப்படுவதில்லை. நான்கைந்து ஆண்டுகள் சென்றே வெட்டுக்குத் தயாரான ஆடு ஓரிரு ஆண்டுகளில் தயாராகுமாயின், அதில் முடங்கிய முதலின் சுழற்சிக் காலமும் அந்த அளவுக்குக் குறுகுகின்றது. விலங்கின் உடல் வளர்ச்சி இங்கே வட்டிக் கணக்கோடு பிணைக்கப்படுகின்றது. விரைந்து வளரும் உடல் விரைந்து தின்னும். ஆகவே தீனியை விலைமதிப்பதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

அவ்வளவுகோல் பெரிதும் ஜேர்மனியிலேதான் வார்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரெக்ட் தேயர் எல்லாத் தீனியையும் உலர்புல்லின் மதிப்பில் அளந்தார். 1839இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் பூசங்கோ பசுவொன்று தின்ற தீனியிலும், அது தந்த பாலிலும், கழித்த சாணத்திலும் சிறுநீரிலும் இருந்த நைதரசனை அளந்து வரவு செலவுக் கணக்கெழுதினார். 1842இல் லீபிக்கின் விலங்கு இரசாயன நூல் வெளிவந்தது. மார்க்ஸ் லீபிக்கை ஊன்றிக் கற்றார். மனிதனுக்கும் இயற்கைக்குமிடையிலான அனுசேபம் என்னும் கருத்தை மூலதனத்தில் வளர்த்தெடுக்க அக்கல்வி துணைநின்றது.

கொற்றிங்கனுக்கு அருகே வேண்டே ஆய்வு நிலையத்தில் ஹென்னபேர்க்கும் ஸ்டோமனும் 1860களில் வகுத்த பகுப்பாய்வு முறையைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். தீனியின் நைதரசனை அளந்து 6.25ஆற் பெருக்கினால் அது 'பருமட்டான புரதம்'. புரதத்தில் நைதரசன் ஏறத்தாழ நூற்றுக்குப் 16 பங்கு என்பதே அப்பெருக்கத்துக்கு ஆதாரம். மென்னமிலத்திலும் பின்னர் மென்காரத்திலும் கொதிக்கவைத்தபின் எஞ்சுவதிற் சாம்பலைக் கழித்தால் அது 'பருமட்டான நார்'. அமிலம் இரைப்பையையும் காரம் குடலையும் போலச் செய்தன. ஆகவே எஞ்சியது சமிபாடடையாதது எனக் கொள்ளப்பட்டது. ஆனால் அசைபோடும் விலங்குகள் அந்நாரிலும் கணிசமான பகுதியைச் சமிபாடடையச் செய்கின்றன என்பதை அவ்வாய்வாளரின் சொந்தப் பரிசோதனைகளே காட்டின. இருந்தும் முறை நிலைத்தது. மலிவானது, விரைவானது, எந்தத் தீனியையும் எந்தத் தீனியோடும் ஒப்பிட்டு விலைபேச உதவுவது. பண்டங்களை அவற்றின் பயன்பெறுமதியிலிருந்து பிரித்துப் பொது அளவுக்குள் அடக்கும் சந்தைக்கு இதனினும் உகந்த இரசாயனம் வேறு யாது? 1905இல் ஒஸ்கார் கெல்னர் அதனை மேலும் செம்மையாக்கி, ஒரு கிலோ மாப்பொருள் வளர்ந்த எருதின் உடலிற் சேர்க்கும் 248 கிராம் கொழுப்பை அலகாகக் கொண்டு தீனிகளை அளந்தார்.

தீவனச் சந்தை அப்போது உலகளாவியதாகிவிட்டது. இந்தியாவின் ஆளிவிதையும் எகிப்தின் பருத்திவிதையும் ஐரோப்பியச் செக்காலைகளுக்குச் சென்றன. எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய புண்ணாக்கு அங்குள்ள கொட்டில்களை நிரப்பியது. புதுச்சேரித் துறையிலிருந்து நிலக்கடலை மார்செய்க்குக் கப்பலேறியது. இலங்கைத் தேங்காய்ப் புண்ணாக்கும் ஏற்றுமதிப் பண்டமாயிற்று. 'பூனக்' என்ற பெயரோடு அது ஆங்கில வணிகச் சொற்றொகுதியிலும் இடம்பெற்றது. கிராமத்துச் செக்கிலிருந்து மாட்டுக்கும், மாட்டின் சாணத்திலிருந்து வயலுக்கும் திரும்பவேண்டிய சத்து இவ்வாறு கடல் கடந்தது. லீபிக் ஐரோப்பிய நகரங்களைக் குறித்துச் சொன்ன மண்வளக் கொள்ளை இங்கே குடியேற்றநாட்டுப் பரிமாணம் பெறுகின்றது.

கணக்கேடு முதலில் ஆட்டங்கண்டது ஐக்கிய அமெரிக்காவில். விஸ்கொன்சினில் 1907 முதல் 1911 வரை பதினாறு கிடாரிகளை நான்கு குழுக்களாக்கி, இரசாயனப் பகுப்பில் சமமான தீனியைச் சோளம், கோதுமை, ஓட்சு என ஒவ்வொரு தாவரத்திலிருந்தும், மூன்றின் கலவையிலிருந்தும் வழங்கினர். சோளம் தின்றவை செழித்தன. கோதுமை தின்றவை நலிந்தன, அவற்றின் கன்றுகளும் பிழைக்கவில்லை. அட்டவணையில் இடம்பெறாத ஏதோ ஒன்று தீனியில் இருந்தது. விற்றமின் ஆய்வுக்கு வழிதிறந்த பரிசோதனைகளுள் இதுவுமொன்று. பின்னர் 1940களில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் முதலறையிலிருந்து அமிலங்கள் உறிஞ்சப்படுவதைக் காட்டினர். 1960களில் பின்லாந்தின் வேர்த்தனென், புரதமே கலவாத தீனியோடு யூரியாவும் அமோனிய உப்புகளும் கொடுத்துப் பசுக்களிற் பால் கறந்தார். நுண்ணங்கிகளின் உழைப்பு ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

இவ்வளவும் அறிந்த பின்னரும், மலிவான புரதம் என்ற ஒரே கணக்கில், இறைச்சியும் எலும்பும் அரைத்த தூளைப் புல்லுண்ணிகளுக்கு ஊட்டும் வழக்கம் பிரித்தானியாவில் நீடித்தது. 6.25ஆற் பெருக்கும் கணக்கில் கடலைப் புண்ணாக்கும் செத்த மாட்டின் எலும்புத் தூளும் ஒரே நிரலில் நிற்பவையல்லவா? 1986இல் மாட்டு மூளைச் சிதைவு நோய் இனங்காணப்பட்டது. 1988 யூலையில் அத்தூளை அசைபோடும் விலங்குகளுக்கு ஊட்டுதல் அங்கே தடைசெய்யப்பட்டது. 1996 மார்ச்சில், மனிதருக்கு ஏற்பட்ட நோயோடு அதற்குத் தொடர்பிருக்கக்கூடுமென அரசு ஒப்புக்கொண்டது. அந்நோயால் பிரித்தானியாவில் மாத்திரம் 170க்கு மேற்பட்டோர் மாண்டனர். உள்நாட்டில் மாடுகளுக்கு ஆகாதென விலக்கப்பட்ட தூளோ, 1988 முதல் 1996 வரையிலான இடைக்காலத்திற் பிறநாடுகளுக்கு விற்கப்பட்டு வந்தது.